சுவரில் சிரிக்கும் சாமி பிறந்த ஊர்!

கோவில்பட்டியில் புறப்பட்டு, சிவகாசி வழியாக, உங்கள் வீட்டு வாசல் வரை ஒரு நடை

உங்கள் வீட்டுச் சுவரைப் பாருங்கள்.

ஒரு காலண்டர் தொங்குகிறதா? அதில் தாமரைப் பூவில் லட்சுமி நிற்கிறாளா? மயில் மேல் முருகன் சிரிக்கிறானா?

அந்தப் படத்தை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். காலையில் எழுந்ததும் கும்பிடுகிறீர்கள். தேதி கிழிக்கும்போதும் பார்க்கிறீர்கள். பரீட்சைக்குப் போகும் பிள்ளை அதன் முன்னால் நின்றுவிட்டுத்தான் போகிறான்.

சரி, அந்தப் படத்தை எழுதியவர் யார்?

பெரும்பாலோர் "தெரியாது" என்றுதான் சொல்வார்கள். "சிவகாசியில் அச்சடித்தது" என்று சிலர் சொல்வார்கள். அச்சடித்தது எந்திரம். ஆனால் எந்திரத்துக்கு அம்பாளின் முகம் தெரியுமா? யாரோ ஒரு மனிதர் தூரிகை பிடித்து அந்த முகத்தை எழுதியிருக்க வேண்டும் அல்லவா?

அந்த மனிதரைத் தேடித்தான் இன்று நாம் நடக்கப் போகிறோம். வெகு தூரம் இல்லை. விருதுநகர்க்காரர்களுக்கு அடுத்த ஊர் போன்றது. வாருங்கள், போகலாம்!

பாரிசில் ஒரு குன்று

நடப்பதற்கு முன்னால் ஒரு செய்தி.

பிரான்சு நாட்டின் தலைநகரம் பாரிஸ். அங்கே மோன்மார்த் என்று ஒரு குன்று இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்பு அங்கே வீட்டு வாடகை குறைவு. ஆகவே காசு இல்லாத ஓவியர்கள் பலர் அங்கே குடியேறினார்கள். ஒரே வீட்டில் பலர் இருந்தார்கள். ஒருவர் ரொட்டியை மற்றவர் பங்கு போட்டுத் தின்றார்கள். இரவு முழுவதும் படம் எழுதினார்கள், பாடினார்கள், வாதாடினார்கள். நாளைய கவலை இல்லை. இப்படிப்பட்டவர்களை மேல்நாட்டார் "பொகீமியர்" என்று அழைத்தார்கள்.

உலகப் புகழ் பெற்ற ஓவியர் பிக்காசோ 1904-ம் ஆண்டு அந்தக் குன்றில் ஒரு பழைய மரக் கட்டடத்தில் குடியேறினார். 1909 வரை அங்கேதான் இருந்தார். அவருக்கு முன்னால் துலூஸ் லோத்ரெக் என்ற ஓவியர் அங்கே இருந்தார். அவர் 1891-ம் ஆண்டு ஒரு நடன அரங்கத்துக்காக விளம்பரப் படம் எழுதினார். அதைக் கல்லச்சில் அடித்து, தெருச் சுவர்களில் ஒட்டினார்கள்.

இன்று என்ன நடக்கிறது தெரியுமா? உலகின் நாலா பக்கத்திலிருந்தும் மக்கள் அந்தக் குன்றுக்கு வருகிறார்கள். வழிகாட்டி முன்னால் நடக்கிறார். "இந்த வீட்டில் இன்னார் இருந்தார். இந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து இன்னார் படம் எழுதினார்" என்று சொல்கிறார். மக்கள் காசு கொடுத்துக் கேட்கிறார்கள்.

நம் ஊரிலும் அப்படி ஒரு இடம் உண்டு. பெட்டியும் படுக்கையுமாக ஊர் ஊராய்த் திரிந்த ஓவியர்கள் ஒன்றாகக் கூடி வாழ்ந்த ஊர் அது. அவர்களுடைய படங்களும் கல்யாணச் சந்தடி போலத் தெருவெல்லாம் நிறைந்தன. பாரிஸ் படங்கள் சுவரில் ஒட்டிச் சில நாளில் கிழிந்தன. இவர்களுடைய படங்கள் வீட்டுக்குள் நுழைந்தன. பூஜை மாடத்தில் ஏறின.

அந்த ஊர்தான் கோவில்பட்டி!

ரெயிலை விட்டு இறங்குங்கள்

விருதுநகரில் ரெயில் ஏறினால் சாத்தூர் வரும். அதற்கு அப்பால் கோவில்பட்டி. இரு பக்கமும் கரிசல் மண். மழை பெய்தால் பிசின் போல் காலில் ஒட்டும். வெயில் அடித்தால் பாளம் பாளமாக வெடிக்கும். பருத்தியும் கம்பும் விளையும் பூமி. மழை பொய்த்தால் அதுவும் இல்லை. இந்த வறட்சிதான் தீப்பெட்டித் தொழிலை இங்கே கொண்டு வந்தது. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி மூன்றும் தீக்குச்சி வாசம் வீசும் ஊர்கள்.

கோவில்பட்டி ஸ்டேஷனில் இறங்குங்கள். ஊருக்குள் நடங்கள். முதலில் செண்பகவல்லி அம்மன் கோவிலுக்குப் போவோம். பூவனநாதர் சுவாமியும் அங்கேயே இருக்கிறார். களாச் செடிகள் அடர்ந்த காடாக இருந்த இடத்தில் இந்தக் கோவில் எழுந்தது என்று தலபுராணம் சொல்லும்.

அம்மன் சந்நிதியில் ஒரு நிமிடம் நில்லுங்கள். கும்பிட்டு முடித்த பிறகு, அம்மன் முகத்தை நன்றாகப் பாருங்கள். அம்மன் எந்தப் பக்கம் பார்க்கிறாள்? நேராக உங்களைப் பார்க்கிறாள். "நாம் சாமியைப் பார்க்கப் போகிறோம்" என்று சொல்கிறோம். உண்மையில் சாமி நம்மைப் பார்க்க வேண்டும் என்றுதான் போகிறோம்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டியிருக்கும்.

நாடகம் கலைந்தது

1940-களின் தொடக்கம். ஒரு நாடகக் கம்பெனி கோவில்பட்டிக்கு வந்தது.

அந்தக் காலத்து நாடகக் கம்பெனி எப்படி இருக்கும் தெரியுமா? ராஜா வேஷக்காரர், ஸ்திரீபார்ட், பின்பாட்டு, ஆர்மோனியம், மிருதங்கம். இவர்களோடு இன்னொருவரும் இருப்பார். அவர்தான் சீன் எழுதும் ஓவியர். தர்பார் சீன், காட்டு சீன், தெரு சீன் என்று பெரிய பெரிய திரைகளில் அவர் எழுத வேண்டும். அரிச்சந்திரன் அரண்மனையில் நின்றால் பின்னால் தூண்களும் வளைவுகளும் தெரிய வேண்டும். மயானத்தில் நின்றால் நிலவு தெரிய வேண்டும். திரையைச் சுருட்டினால் அரண்மனை மறைந்துவிடும்!

கோவில்பட்டிக்கு வந்த கம்பெனியில் அப்படிச் சீன் எழுதியவர் சி. கொண்டையராஜு.

இவர் சாதாரண ஆள் அல்ல. 1898-ம் ஆண்டு சென்னை மயிலாப்பூரில் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தவர். மேல்நாட்டு முறையில் நிழலும் வெளிச்சமும் காட்டி எழுதக் கற்றவர். ஏதாவது ஓர் உத்தியோகத்தில் அமர்ந்து, மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு, சுகமாக இருந்திருக்கலாம். அவர் மனம் அதில் செல்லவில்லை. திருவண்ணாமலைக்குப் போனார். ரமணர் ஆசிரமத்தில் சில காலம் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனியோடு ஊர் ஊராகச் சுற்றினார். கலியாணம் செய்துகொள்ளவில்லை. சொத்து சேர்க்கவில்லை.

1931-ல் தமிழ் சினிமா பேசத் தொடங்கியது. அதற்குப் பிறகு மக்கள் கூட்டம் சினிமாக் கொட்டகைக்குப் போயிற்று. நாடகக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கோவில்பட்டிக்கு வந்த கம்பெனியும் கலைந்தது.

நடிகர்கள் போனார்கள். ஆர்மோனியக்காரரும் போனார். கொண்டையராஜு போகவில்லை. அவருடன் சில சீடர்களும் இருந்தார்கள். குருவும் சீடர்களும் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார்கள்.

நாடகம் முடிந்தது. ஆனால் திரை எழுதிய கை சும்மா இருக்குமா?

குருவும் சீடர்களும்

கோவில் தெருக்களை விட்டுக் கடைத்தெருப் பக்கம் நடப்போம். கடைகளும் வீடுகளும் காலத்துக்குக் காலம் மாறும். ஆகவே இந்தக் கட்டடமா, அந்தக் கட்டடமா என்று தேட வேண்டாம். அந்தக் காலத்துக் கோவில்பட்டியை மனக்கண்ணால் பாருங்கள்.

தங்கிய ஊரில் பிழைக்க வேண்டுமே? குருவும் சீடர்களும் போட்டோ ஸ்டூடியோ வைத்தார்கள். தேவி ஆர்ட் ஸ்டூடியோ என்று பெயர்.

அக்காலத்துப் போட்டோ ஸ்டூடியோ ஓவியர்களுக்கு ஏற்ற இடம். கலியாணத் தம்பதிகள் வந்து நாற்காலியில் விறைப்பாக உட்காருவார்கள். பின்னால் ஓவியர் எழுதிய திரை தொங்கும். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் தீட்டுவார்கள். சேலைக்கு ஒரு வண்ணம். உதட்டுக்கு ஒரு துளி சிவப்பு. இறந்துபோன தாத்தாவின் சிறு படத்தைக் கொண்டுவந்து, "பெரிதாக எழுதித் தாருங்கள்" என்று கேட்பவர்களும் உண்டு.

பகலில் மனித முகம். மற்ற நேரத்தில் தெய்வ முகம். இப்படி ஒரே கூரையின் கீழ் ஒரு ஓவியப் பள்ளியே வளர்ந்தது. கட்டணம் இல்லை, சர்டிபிகேட் இல்லை. குருவுக்குப் பக்கத்தில் இருந்து, பார்த்துப் பார்த்துக் கற்பதுதான் பாடம். டி.எஸ். சுப்பையா, டி.எஸ். அருணாசலம், எம். ராமலிங்கம், செண்பகராமன் முதலிய பெயர்கள் அந்தப் பள்ளியில் உருவான பெயர்கள்.

குருவுக்குக் குடும்பம் இல்லை என்று சொன்னேன் அல்லவா? சீடர்களே அவர் குடும்பம்.

இந்த ஓவியர்களிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. அந்தக் காலத்துப் படங்கள் பலவற்றின் அடியில் பாருங்கள். இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று குருவின் பெயர்; மற்றது சீடன் பெயர். கொண்டையராஜு என்ற பெயருக்குப் பக்கத்திலேயே சுப்பையா என்றோ, ராமலிங்கம் என்றோ இருக்கும்.

புகழ் முழுவதும் தனக்கே வேண்டும் என்று குரு நினைக்கவில்லை. குருவை மறைத்துவிட்டு முன்னேற வேண்டும் என்று சீடனும் நினைக்கவில்லை. ஒரு படத்தில் இரண்டு பெயர்! இதைவிட அழகான குருபக்தி வேறு உண்டா?

படத்துக்குள் ஒரு நாடகம்

இப்போது அவர்கள் எழுதிய படத்தைப் பார்ப்போம்.

மீனாட்சி திருக்கலியாணம். கொண்டையராஜுவின் பெயர் பெற்ற படங்களில் இது ஒன்று. நடுவில் மீனாட்சி வெட்கத்தோடு நிற்கிறாள். ஒரு பக்கம் சுந்தரேசுவரர். மறு பக்கம் தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்கும் திருமால். மதுரைக் கோவிலில் இந்தக் காட்சியைக் கற்சிலையாகப் பார்த்திருப்பீர்கள். கல்லில் இருந்த கலியாணத்துக்கு இவர் பட்டுச்சேலை கட்டினார். முகத்தில் நாணச் சிவப்பு ஏற்றினார்.

யானையின் காலை முதலை கவ்வ, திருமால் கருடன் மீது பறந்து வரும் கஜேந்திர மோட்சமும் அவருடைய புகழ் பெற்ற படம்.

இந்தப் படங்களை எப்படிப் பார்ப்பது? இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று: பின்புறம். சாமிக்குப் பின்னால் தூண்கள் தெரிகின்றனவா? வளைவு தெரிகிறதா? சில படங்களில் ஒதுக்கிக் கட்டிய திரைகூட இருக்கும். தூரத்தில் மலை, ஏரி, அன்னம். இதெல்லாம் எங்கிருந்து வந்தது? நாடக மேடையிலிருந்து! தர்பார் சீனும் காட்டு சீனும் சுருங்கிக் காலண்டருக்குள் வந்துவிட்டன. கலைந்துபோன நாடகம் நம் வீட்டுச் சுவரில் இன்னும் நடக்கிறது!

இரண்டு: கண்கள். சாமி நேராக உங்களைப் பார்க்கும். அறையின் இந்த மூலைக்குப் போனாலும் பார்க்கும். அந்த மூலைக்குப் போனாலும் பார்க்கும். செண்பகவல்லி சந்நிதியில் சொன்னது நினைவிருக்கிறதா? சாமி நம்மைப் பார்க்க வேண்டும். அதற்காகவே அந்த முகத்தை நேர்முகமாக எழுதினார்கள். சென்னையில் கற்ற நிழல் வெளிச்சம் உடம்புக்கு. கோவிலில் கண்ட பார்வை முகத்துக்கு.

இப்படிச் சாமி படம் அச்சிடுவது கோவில்பட்டியில் தொடங்கியது அல்ல. கேரளத்து ராஜா ரவிவர்மா 1894-ம் ஆண்டு பம்பாயில் அச்சகம் நிறுவினார். அவருடைய லட்சுமியும் சரசுவதியும் இந்தியா முழுவதும் பரவினார்கள். ஆனால் நம் மதுரை மீனாட்சியும், நம் பழனி முருகனும், நம் ஊர் நகையோடும் நம் ஊர்ச் சேலையோடும் வீட்டுக்கு வந்தது இந்தக் கோவில்பட்டி ஓவியர்கள் போன்றவர்களால்தான்.

கோவிலுக்குள் போகாதவர் வீட்டிலும்

ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள்.

1939-ம் ஆண்டு ஜூலை மாதம் வரையில் மதுரை மீனாட்சியம்மன் கோவிலுக்குள் எல்லோரும் போக முடியாது. தாழ்த்தப்பட்டவர் என்று ஒதுக்கப்பட்டவர்களும் நாடார் மக்களும் வெளியே நிற்க வேண்டியிருந்தது. அந்த மாதம் 8-ந் தேதி மதுரை வைத்தியநாதய்யர் அவர்களை உள்ளே அழைத்துப் போனார். அதற்குப் பிறகு வேறு பல கோவில்களும் ஒவ்வொன்றாகத் திறந்தன.

தலைமுறை தலைமுறையாக அம்மன் முகத்தைக் காணாத குடும்பங்கள் எத்தனை! பணக்காரர் வீட்டில் தஞ்சாவூர்ப் படம் இருக்கும். தங்க ரேக்கும் கண்ணாடிக் கல்லும் பதித்த படம். ஏழைக்கு அது ஏது?

காலண்டர் வந்தது. மளிகைக் கடைக்காரர் பொங்கலுக்கு முன்னால் இனாமாகக் கொடுத்தார். பனை ஓலைக் குடிசையிலும் மீனாட்சி வந்து நின்றாள். யாரும் தடுக்கவில்லை. சாதி கேட்கவில்லை. ஆண்டு முடிந்து தேதித் தாள் தீர்ந்த பிறகும் படத்தை எறிய யாருக்கும் மனம் வரவில்லை. சட்டம் போட்டு மாட்டினார்கள். மிகப் பழசாகி நைந்தால்கூட, குப்பையில் போடாமல் கோவில் மரத்தடியில் கொண்டுபோய் வைத்தார்கள்.

ஒரு ஓவியருக்கு இதைவிடப் பெரிய பரிசு எது?

காந்தி மைதானத்தில் சற்று உட்காருவோம்

கால் வலிக்கிறதா? ஒரு பொட்டலம் கடலைமிட்டாய் வாங்குங்கள். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தப் பெயரை வேறு ஊர்க்காரர் போட்டுக்கொள்ள முடியாது. கரிசல் கடலையும் வெல்லப் பாகும் சேர்ந்த பண்டம். பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, காந்தி மைதானத்தில் உட்காருங்கள்.

இந்த ஊர் ஓவியர்களின் ஊர் மட்டும் அல்ல. எழுத்தாளர்களின் ஊரும் ஆகும். பாரதியார் பிறந்த எட்டயபுரம் பக்கத்தில்தான் இருக்கிறது. திருநெல்வேலி சாலையில் இடைசெவல் என்ற சிற்றூர். அங்கே இரண்டு பிள்ளைகள் சேர்ந்து வளர்ந்தார்கள். இருவரும் எழுத்தாளர் ஆனார்கள். ஒருவர் கு. அழகிரிசாமி. மற்றவர் கி. ராஜநாராயணன். ஒரே சிற்றூருக்கு இரண்டு சாகித்திய அகாதெமி பரிசு!

பிற்காலத்திலும் இந்த வட்டாரத்து எழுத்தாளர்களுக்கு அந்தப் பரிசு கிடைத்தது. 2014-ல் பூமணி பெற்றார். 2019-ல் சோ. தர்மன் பெற்றார். கவிஞர் தேவதச்சனும் இந்த ஊர்க்காரர்தான். 1970-களிலும் 80-களிலும் இளம் எழுத்தாளர்கள் இந்த மைதானத்தில் கூடி இரவெல்லாம் பேசினார்கள். பாரிஸ் குன்றில் நடந்தது போலவேதான்!

கி. ராஜநாராயணன் 2021-ல் காலமானார். அரசாங்கம் கோவில்பட்டியில் அவருக்கு நினைவரங்கம் கட்டியது. மகிழ்ச்சி. எழுத்தாளர் பெயர் புத்தகத்தின் அட்டையில் இருக்கிறது. ஆகவே நாட்டுக்கு நினைவு இருக்கிறது.

ஓவியர் பெயர்? படத்தின் மூலையில், எறும்பு அளவு எழுத்தில் இருக்கிறது. ஆகவே மறந்துபோகிறது.

இந்தப் பெயருக்கு என்ன ஆகிறது என்று தெரிய வேண்டுமானால், படம் அச்சேறும் ஊருக்குப் போக வேண்டும். பஸ் ஏறுங்கள். சாத்தூர் வழியாகச் சிவகாசி!

குட்டி ஜப்பான்

சிவகாசிக்குக் "குட்டி ஜப்பான்" என்று பட்டப்பெயர். தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்றும் சேர்ந்து வாங்கிக் கொடுத்த பெயர் அது.

அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றார்கள். 1923-ம் ஆண்டு சிவகாசியில் தொழிலைத் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு மேலே ஒரு படம் ஒட்ட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட "கிளி மார்க் கொடு", "மான் மார்க் கொடு" என்று கேட்டு வாங்க வேண்டுமே! ஆகவே லேபிள் அச்சடிக்க அச்சகம் வந்தது. பட்டாசுக்குப் பளபளப்பான உறை வேண்டும். அச்சகம் வளர்ந்தது. அதன் பிறகு காலண்டர். மழை குறைந்த ஊர் ஆகையால் தீக்குச்சியும் சீக்கிரம் காயும். அச்சடித்த தாளும் சீக்கிரம் காயும்.

முதலில் கல்லச்சு. 1796-ல் ஜெர்மனியில் செனபெல்டர் என்பவர் கண்டுபிடித்த முறை. வழவழப்பான கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படம் எழுதுவார்கள். கல்லை நீரால் நனைப்பார்கள். பிறகு அச்சு மை தடவுவார்கள். எண்ணெயும் நீரும் ஒட்டாது அல்லவா? படம் உள்ள இடத்தில் மட்டும் மை பிடிக்கும். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கல்! பாரிஸ் சுவரில் ஒட்டிய விளம்பரமும் கல்லச்சுதான். நம் தீப்பெட்டி லேபிளும் கல்லச்சுதான். இரண்டுக்கும் ஒரே தாய்!

அடுத்து ஆப்செட் வந்தது. ஓவியத்தைப் புகைப்படம் எடுத்து, மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று நான்காகப் பிரிப்பார்கள். நான்கு உலோகத் தகடுகள். தகட்டில் உள்ள படம் ரப்பர் விரிப்பில் பதியும். ரப்பரிலிருந்து தாளில் பதியும். நான்கு வண்ணமும் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்ததும் முருகன் உயிர் பெற்றுச் சிரிப்பான்!

பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கை காட்டுங்கள். ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக் காலண்டர் மேல் வையுங்கள். முருகன் முகம் மறைந்துபோகும். வெறும் புள்ளிகள் தெரியும். மஞ்சள் புள்ளி, சிவப்புப் புள்ளி, நீலப் புள்ளி. கண்ணாடியை எடுங்கள். மறுபடி முருகன்!

ஆடிப்பெருக்கில் அடுத்த ஆண்டு

மற்ற ஊர்களில் புத்தாண்டு ஜனவரியில் பிறக்கும். சிவகாசியில் ஆடி மாதமே பிறந்துவிடும்! ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் ஆல்பத்தை வெளியிடுவார்கள். ஏஜெண்டுகள் அந்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். ஜவுளிக்கடை முதலாளி புரட்டிப் பார்ப்பார். "இந்த லட்சுமியில் ஆயிரம் போடு" என்பார். படத்தின் கீழே காலியாக விட்ட இடத்தில் கடையின் பெயர் ஏறும். தேதித் தாள் கட்டை வைத்து, மேலே தகரம் அடித்து, மார்கழிக்குள் அனுப்பிவிடுவார்கள்.

கடைக்காரர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். போன் நம்பர் இருக்கும். நல்ல நேரம், ராகுகாலம், எமகண்டம் எல்லாம் இருக்கும்.

ஓவியர் பெயர்?

அங்கேதான் வயிற்றெரிச்சல்.

ஓவியர் ஒரு தடவை படத்தை விற்றுவிடுவார். ஒரு தடவைதான் பணம் வரும். அதன் பிறகு அந்தப் படம் பத்து ஆண்டு அச்சாகலாம்; இருபது ஆண்டு அச்சாகலாம். லட்சக்கணக்கில் விற்கலாம். ஓவியர் கைக்கு அப்புறம் ஒன்றும் வராது. வழக்கம் அப்படி.

பணம் போகட்டும். பெயராவது மிஞ்ச வேண்டாமா? இப்போது கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பழைய படத்தை எடுத்து, பின்னணியை மாற்றி, ஒளிவட்டம் போட்டு, ஓரங்களை வெட்டிப் புதுப்படம் ஆக்குவது எளிது. வெட்டும்போது மூலையும் போகிறது. மூலையோடு பெயரும் போகிறது!

சட்டம் ஓவியரைக் கைவிடவில்லை. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. படத்தின் உரிமையை விற்ற பிறகும், "இதை எழுதியவன் நான்" என்று சொல்லும் உரிமை ஓவியருக்கு உண்டு என்கிறது அது. ஆனால் ஊர் மறந்துவிட்டால் சட்டம் என்ன செய்யும்?

வெளிநாட்டார் வந்தார்கள்

கொண்டையராஜு 1976-ம் ஆண்டு மறைந்தார். சீடர்களும் அவர்களிடம் கற்றவர்களும் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. காலண்டர் சாமிகள் தொடர்ந்து பிறந்தார்கள்.

நாம் கவனிக்காத இந்தக் கதையை யார் கவனித்தார் தெரியுமா? கனடா நாட்டிலிருந்து ஸ்டீபன் இங்லிஸ் என்ற மானிடவியல் அறிஞர் வந்தார். கொண்டையராஜுவைப் பற்றியும் அவருடைய சீடர்களைப் பற்றியும் ஆராய்ந்து எழுதினார். கஜ்ரி ஜெயின் என்ற பேராசிரியை இந்தியக் காலண்டர் படங்களைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றை 2007-ல் வெளியிட்டார். அதில் சிவகாசிக்கு முக்கிய இடம் உண்டு.

கடல் கடந்து வந்தவர்கள் அந்த மூலையில் இருந்த பெயரைப் படித்தார்கள். அடியில் நின்று கும்பிடுகிற நாம் படிக்கவில்லை!

மூலப் படங்கள் வேறு இருக்கின்றன. ஓவியர் கையால் எழுதிய முதல் படம். அது தாளில் எழுதியது. கரையான் அரிக்கும், மழைநீர் நனைக்கும், "பழசு" என்று பரணில் ஏறும். அச்சுப் படம் போனால் இன்னொன்று அடிக்கலாம். மூலம் போனால் போனதுதான்.

பாரிசில் பிக்காசோ இருந்த மரக் கட்டடம் 1970-ல் தீப்பிடித்தது. அதை அப்படியே விட்டுவிடவில்லை, மறுபடி கட்டினார்கள். அந்த இடத்தின் பெயர் ஊருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் கட்டினார்கள். பெயர் தெரியாத இடத்தை யார் கட்டுவார்?

கடைசி நிறுத்தம்

நடை இன்னும் முடியவில்லை. கடைசியாக ஓர் இடம் பாக்கி இருக்கிறது. பஸ் ஏறி அங்கே போங்கள். அதுதான் உங்கள் வீடு!

பூஜை மாடத்தில் உள்ள பழைய படங்களை மெதுவாக இறக்குங்கள். பாட்டி காலத்துச் சட்டம் போட்ட படம் இருக்கும். கண்ணாடியைத் துடையுங்கள். கீழ் மூலையைப் பாருங்கள். பெயர் தெரிகிறதா? பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் இருக்கும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். கொண்டையராஜுவாக இருக்கலாம். சுப்பையாவாக இருக்கலாம். ராமலிங்கமாக இருக்கலாம். சென்னை மாதவன் போன்ற வேறு ஓவியராகவும் இருக்கலாம். பெயரைப் படத்தின் பின்பக்கம் பென்சிலால் தமிழில் எழுதி வையுங்கள். யார் வீட்டில், எந்த ஆண்டு முதல் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். "இந்தப் படம் எந்தக் கடையில் கொடுத்தது? யார் சட்டம் போட்டது?" ஒவ்வொரு படத்துக்கும் ஒரு குடும்பக் கதை இருக்கும்.

அச்சகம் நடத்துபவர்களே! பழைய படத்தைப் புதுப்பிக்கும்போது மூலையை வெட்டாதீர்கள். கடை பெயருக்குப் பக்கத்தில் ஓவியர் பெயருக்கும் ஒரு விரற்கடை இடம் விடுங்கள். பள்ளி ஆசிரியர்களே! சுற்றுலா என்றால் வெகு தூரம் போக வேண்டியதில்லை. ஒரு நாள் கோவில்பட்டிக்கும் சிவகாசிக்கும் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். அச்சகத்தாரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டால் எந்திரம் ஓடுவதையும் காட்டலாம்.

ஒரு படத்தில் இரண்டு பெயர் போட்ட குரு அவர். தன் பெயருக்குப் பக்கத்தில் சீடன் பெயருக்கு இடம் கொடுத்தார். நாமும் சாமிக்குப் பக்கத்தில் அந்த இரண்டு பெயருக்கும் கொஞ்சம் இடம் கொடுக்கலாம்.

நாளைக் காலையில் தேதி கிழிக்கும்போது, சாமியைக் கும்பிடுங்கள். பிறகு மூலையையும் ஒரு தடவை பாருங்கள்!